கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை

நவமணிக்கு நாற்பத்தாறு வயது. இந்த நாற்பத்தாறு வருஷத்தில் கோயில் மைக்கில் அவள் பெயரை யாரும் சொன்னதில்லை. ஏழாங்கட்டைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மைக் என்பது சின்னையாவின் சொத்து. எலுமிச்சம்பழம் நாலு வாங்கிக் கொடுத்தவரைக்கூடப் பெயர், குடியிருக்கிற தாமான், வீட்டு நம்பர் என்று முழு விலாசத்தோடு படிப்பார். கேட்கிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டாலும் அவருக்குக் கவலையில்லை. அப்படிப்பட்ட தாராளமான வாயில் ஒருநாளும் நுழையாத பெயர், திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய ஞாயிற்றுக்கிழமை மூன்று முறை வந்தது.

“நம்ம ஏழாங்கட்டையில பொறந்து வளந்த தங்கச்சி, லோரி ராஜுவோட சம்சாரம் நவமணி! கனடாவுல பெரிய ஆஸ்பத்திரியில வேலை கெடச்சி அடுத்த மாசம் ஏரோப்ளேன் ஏறப்போறாங்க! நவமணி, எங்கம்மா இருக்க? முன்னுக்கு வாம்மா, நவமணி!”

ஆஸ்பத்திரி இல்லை, முதியோர் இல்லம்தான். ஆனால் சின்னையா கையில் மைக் இருக்கும்போது யார் திருத்த முடியும்? கோயில் தலைவர் மாலை போட்டார். தலைவர் மனைவி பொன்னாடை போர்த்தினாள். நவமணிக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்தன்றுகூட மாலையில் பாதி மாப்பிள்ளை வீட்டாருக்காக விழுந்தது. இது முழுக்க முழுக்க அவளுக்கே விழுந்த மாலை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கீழே இறங்கினாள்.

ஏழாங்கட்டைத் தோட்டம் என்று இப்போது ஒன்றும் இல்லை. ரப்பர் பால் தந்த கித்தா மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனை வைத்தார்கள். இப்போது செம்பனையையும் வெட்டிவிட்டு மாடி வீடு கட்டுகிறார்கள். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருந்தவர்கள் ஈப்போவின் தாமான்களுக்கும் தஞ்சோங் ரம்புத்தானுக்கும் கமுந்திங்குக்கும் பிரிந்து போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோயிலை மட்டும் யாரும் தொடவில்லை. திருவிழாவின் முதல் ஞாயிறும் கடைசி ஞாயிறும் அத்தனை பேரும் அங்கே கூடிவிடுவார்கள்.

இந்த மக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலையை விளம்பரத்தில் தேடமாட்டார்கள். ஒருவர் ஒரு பேக்டரிக்குள் நுழைந்துவிட்டால், முதல் சம்பளம் வாங்குவதற்குள் சூப்பர்வைசரிடம் போய், “நம்ம ஆளு ஒருத்தர் இருக்காங்க” என்று ஆரம்பித்துவிடுவார். அப்படித்தான் கமுந்திங்கில் கையுறை செய்கிற பேக்டரி ஒன்றில் ஒரு வரிசை முழுக்க ஏழாங்கட்டை ஆட்கள் நின்றார்கள். இவர்களுடைய முன்னோர்களைத் தோட்ட வேலைக்குக் கங்காணி கப்பல் ஏற்றியதும் ஏறக்குறைய இப்படித்தான். சொன்னது யார் என்பதைத்தான் கேட்பார்கள். என்ன வேலை என்பதைப் போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்வார்கள்.

அதனால், நவமணி மாலையைக் கழற்றுவதற்கு முன்பே ஐந்து பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டதில் ஆச்சரியமில்லை.

முதலில் வந்தது தினேஸ்வரி. முப்பத்தைந்து வயது, ஈப்போவில் ஒரு மினி மார்க்கெட்டில் காசாளர், வாய் ஓயாது. “அக்கா, எங்களுக்கும் அந்த ஈமெயில அனுப்பு லா. அங்க ஆளு வேணும்னுதானே கேக்குறான்?”

கடைசியாக வந்தது கலாதேவி. கமுந்திங் பேக்டரியில் வேலை. புருஷன் இறந்து நாலு வருஷம், மூன்று பிள்ளைகள். அவள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கேட்டாள். “எனக்கு இங்கிலீசு அவ்வளவா வராதுக்கா. அது பரவாயில்லையா?”

“அதெல்லாம் பழகிக்கலாம் லா” என்றாள் நவமணி. மாலை கழுத்தில் இருக்கும்போது யாருக்கும் இல்லை என்று சொல்ல வாய் வராது. அங்கேயே நின்று ஐந்து பேருக்கும் அந்த மின்னஞ்சலை அனுப்பி வைத்தாள்.

அந்த மின்னஞ்சல் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எப்போதோ முகநூலில் ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து மறந்தும் போயிருந்தாள். திடீரென்று ஒருநாள் கனடாவின் சிவப்பு இலை போட்ட தாளில், நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்களைப் பரிசீலித்து உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் வந்தது. சம்பளம், வீடு, விமான டிக்கெட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பாஸ்போர்ட் நகலும், விசா வேலைக்கான கட்டணமும் மட்டும் இவள் அனுப்ப வேண்டும். கட்டணத்துக்குக் கடைசி நாள், திருவிழா முடிந்த மறுநாள் திங்கட்கிழமை.

சம்பளத்தை அவள் ஒருமுறைதான் படித்தாள். ‘உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்’ என்ற வரியை எத்தனை முறை படித்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. பெர்ச்சாமில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்தோரு வருஷமாக வேலை செய்கிறாள். குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்து, படுக்கையில் திருப்பிப் போட்டு, கடைசி மூச்சு விடும்போது பக்கத்தில் நின்று, சீனத்துக் கிழவர்களோடு சண்டை போடுகிற அளவுக்குக் கண்டனீஸ் கற்றுக்கொண்டு, இத்தனையும் செய்தவளிடம் யாரும் இந்த வேலைக்கு நீதான் சரி என்று சொன்னதில்லை. உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருவன் சொல்கிறான் என்றால் கசக்குமா?

புதன்கிழமை மத்தியானத்துக்குள், அந்த முகவரிக்கு எழுதிப் போட்ட ஐந்து பேருக்கும் பதில் வந்துவிட்டது. ஐந்து பேரும் தேர்வாகியிருந்தார்கள்.

வாட்ஸ்அப்பில் தினேஸ்வரி பட்டாசாகக் கொளுத்திப் போட்டாள். எல்லாரையும்விட நவமணிதான் முதலில் கைதட்டும் படம் அனுப்பினாள். அனுப்பிவிட்டு, சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போகும்போது கால் கொஞ்சம் தயங்கியது. தினேஸ்வரியா? பிள்ளைக்கு முழங்காலில் சிராய்த்து ரத்தம் வந்தால் பிள்ளைக்கு முன்னால் இவள் மயங்கி விழுவாளே. கிழவர் ஒருவரின் மலம் துடைக்கச் சொன்னால் வாசலைத் தாண்டி ஓடிவிடுவாளே. அவளையுமா நானூற்றுப் பன்னிரண்டு பேரில் பொறுக்கி எடுத்தார்கள்? மற்ற நால்வரின் கடிதங்களையும் வாங்கிப் பார்த்தாள். பெயரைத் தவிர எல்லாம் ஒன்றே. எல்லாருக்கும் அதே நானூற்றுப் பன்னிரண்டு.

அன்று சாயங்காலம் அவளுக்குத் தான் வேலைக்குச் சேர்ந்த நாள் நினைவுக்கு வந்தது. மேட்ரன் லிம் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை, ஊரைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு பக்கம் செயலிழந்து கிடந்த பெரிய உருவக்காரர் ஒருவரைக் காட்டி, இவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்று, பார்க்கலாம் என்றார். நவமணி அவர் கையைத் தன் தோளில் போட்டு, முழங்காலை முழங்காலால் முட்டுக் கொடுத்து, ஒரே மூச்சில் மாற்றினாள். நாளைக்கு ஏழு மணிக்கு வா என்றார் மேட்ரன். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. அதற்குப் பிறகும் மூன்று மாதம் அவளைக் கண்காணித்துக்கொண்டேதான் இருந்தார்.

கனடாக்காரர்கள் அவளிடம் அப்பா பெயர் கேட்டார்கள், பாஸ்போர்ட் நம்பர் கேட்டார்கள், வங்கி எது என்று கேட்டார்கள். கிழவர்களைத் தூக்கத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில், துணி காயப்போடுகிற கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினாள். ஒரு ஆளுக்கு எத்தனை முதியவர்கள்? தூக்குவதற்கு மெஷின் இருக்கிறதா, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டுமா? பத்து நிமிடத்தில் பதில் வந்தது. அன்புள்ள மேடம், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, திங்கட்கிழமைக்குள் கட்டணத்தைச் செலுத்தவும். திரும்பவும் கேட்டாள். திரும்பவும் அதே நன்றி, அதே திங்கட்கிழமை.

அவளுக்குக் கோபம் வந்தது. இருபத்தோரு வருஷ வேலையைப் பற்றிக் கேட்டால், காசைக் கட்டு என்றால் என்ன அர்த்தம்? அந்தக் கோபத்திலேயே எழுதினாள்: ஐயா, ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் விபத்தில் என் வலது கையைத் தோளோடு எடுத்துவிட்டார்கள். ஆனாலும் நான் வேலைக்கு வரலாமா?

பதினோரு நிமிடம் ஆனது.

அன்புள்ள மேடம், அது ஒரு பிரச்சினையே இல்லை. உங்கள் கையைக் குறித்துக்கொண்டோம். தயவுசெய்து திங்கட்கிழமைக்குள் கட்டணத்தைச் செலுத்தவும்.

நவமணி தன் வலது கையைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன விரல்கள், மணிக்கட்டில் யாரோ ஒரு கிழவி பிராண்டிய தழும்பு. இந்தக் கையே வேண்டாம் என்கிறவன் எதற்காக அவளைத் தேர்ந்தெடுத்தான்? சிரிப்பு வர வேண்டிய இடம்தான். அவளுக்கு அழுகைதான் வந்தது. அவள் இன்னும் காசு கட்டவில்லை, அந்த வகையில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு வரி போய்விட்டது. அவளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

ஒருமுறை தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுகிறது. அனுப்பியவனின் மின்னஞ்சல் முகவரி அவளுடையதைப் போலவே யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்துகொள்கிற முகவரி. கடிதத்தில் போட்டிருந்த இல்லத்தின் பெயரைத் தேடிப் பார்த்தாள். உண்மையிலேயே அப்படி ஒரு இல்லம் இருந்தது, ஆனால் அவர்களுடைய இணையப் பக்கத்தில் இருந்த தொலைபேசி நம்பரும் முகவரியும் வேறு. வேலைக்கு ஆள் எடுக்க நாங்கள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்று அந்தப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூன்று வாரமாக இந்தத் தேடலை அவள் ஏன் செய்யவில்லை? தேடினால் உண்மை கிடைத்துவிடும் என்று உள்ளுக்குள் எங்கோ பயம் இருந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ராஜுவிடம் சொன்னாள். லோரியைக் கழுவிக்கொண்டிருந்தவன் குழாயை மூடிவிட்டு அவளைப் பார்த்தான்.

“திப்பு வேலையா?”

“ஆமா. முழுக்க திப்பு, ஏமாத்து வேல.”

“நல்லவேளை, காசு கட்டல” என்றான். பிறகு அவள் எதிர்பார்த்ததையே சொன்னான். “ஆனா மைக்ல சொல்லிட்டாங்களே லா. மால வேற போட்டாச்சி.”

“அதுக்கு?”

“விசா கெடைக்கலன்னு சொல்லிரலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. விசா கெடைக்காதது ஒன் குத்தமா?”

“அந்த அஞ்சி பேரு?”

ராஜு கெட்டவன் இல்லை. மனைவி நாலு பேர் முன்னால் தலைகுனியக் கூடாது என்று நினைக்கிற ஆள், அவ்வளவுதான். “தனித்தனியா சொல்லிரு. இப்ப அவசரம் இல்லே லா” என்றான்.

அவசரம் இருந்தது. நவமணிக்கும் அது தெரியும். போனை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் எழுத ஆரம்பித்தாள். இது மோசடி, யாரும் பணம் கட்டாதீர்கள். எழுதியதைப் பார்த்தாள். சின்னையாவின் குரல் காதில் கேட்டது. நாலு நாளைக்கு முன்புதான் பொன்னாடை. அந்தக் குழுவில் ஐந்து பேர் மட்டுமா இருக்கிறார்கள்? அவர்களுடைய நாத்தனார்கள், மச்சினிச்சிகள் எல்லாரும் இருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஈப்போ முழுக்கத் தெரிந்துவிடும். எழுதியதை அழித்தாள். வேறு மாதிரி எழுதினாள்: “கொஞ்சம் பொறுங்க. யாரும் இப்ப ஒண்ணும் செய்ய வேணாம். ஞாயித்துக்கெழம கோயில்ல நேர்ல பேசிக்கலாம்.”

இதை அனுப்பியதும் வேலை முடிந்த மாதிரி இருந்தது. சொன்னதும் ஆச்சு, சொல்லாததும் ஆச்சு. தினேஸ்வரி மட்டும் ‘ஏன்க்கா?’ என்று கேட்டிருந்தாள். நவமணி அதைப் படித்தும் படிக்காதது போல இருந்துவிட்டாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை பால்குடம் வந்து, அபிஷேகம் முடிந்து, பந்தலில் இலை போட்டுச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. சின்னையா சாம்பார் உபயம், பாயாச உபயம் என்று படித்துக்கொண்டே போனார். நவமணி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“அண்ணே, மைக்கக் குடுங்க. ஒரு வார்த்த பேசணும்.”

நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்த சின்னையா, “கனடா நவமணி இப்ப ரெண்டு வார்த்த பேசுவாங்க!” என்று அறிவித்துவிட்டுக் கொடுத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் மைக்கை அடுத்தவரிடம் கொடுத்தது அன்றுதான்.

“நான் கனடா போகல” என்றாள் நவமணி. ஒலிபெருக்கியில் அது மரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. “அந்த வேலை பொய். அந்த ஈமெயில் பொய். என்னைய ஏமாத்தப் பாத்தானுங்க. நான் அது தெரியாம அஞ்சி பேருக்கு அனுப்பி வச்சிட்டேன். தயவு செஞ்சி யாரும் காசு கட்டாதீங்க. பாஸ்போட்டு அனுப்பாதீங்க. இது எனக்கே நேத்துதான் தெரியும்.”

நேற்று என்று சொல்ல வேண்டும் என்று அவள் திட்டம் போடவில்லை. அது தானாக வந்து விழுந்தது. இவ்வளவு அவமானத்துக்கு நடுவில் இரண்டு நாளையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்று நாக்குக்குத் தோன்றியிருக்கலாம்.

பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. தினேஸ்வரி இலையை விட்டு எச்சில் கையோடு எழுந்து நின்றாள்.

“அக்கா, நீ மட்டும் போவணும்னா நேரா சொல்லு லா. எங்களுக்கும் கெடச்சவொடனே பொய்யாயிருச்சா?”

நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. நவமணிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மானத்தை விட்டு உண்மையைச் சொன்னால், பொறாமைக்காரி என்கிறார்கள். மைக்கை வைத்துவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ராஜு கண்ணால் அதைத்தான் சொன்னான்.

“சரி, நீ நம்ப வேணாம்” என்றாள். “கையக் கழுவிட்டு போன எடு. அவனுக்கு இப்பவே எழுது. எனக்கு ரெண்டு கண்ணும் தெரியாது, பொறவிக் குருடு, வேலைக்கு வரலாமான்னு கேளு. கண்ணு தெரியாதவங்க நர்சு வேல பாக்க முடியாதுன்னு அவன் சொன்னா, நான் பொய் சொல்லுறேன்னு வச்சிக்க. இதே மைக்ல மன்னிப்புக் கேக்குறேன்.”

தினேஸ்வரி சண்டைக்குப் பின்வாங்குகிறவள் இல்லை. அங்கேயே நின்று தட்டித் தட்டி எழுதினாள். சின்னையா மைக்கைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். “பக்தகோடிகளே, கனடாவிலேர்ந்து பதில் வரவேண்டியிருக்கு. அதுவரைக்கும் பாயாசம் வாங்கிக்கலாம்” என்று அறிவித்தார். அந்த மனிதரை அந்த நேரத்தில் நவமணிக்குக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பாயாசம் மூன்றாவது வரிசைக்கு வந்தபோது போன் மணியடித்தது. தினேஸ்வரி படித்தாள். முதலில் வாய்க்குள், பிறகு சின்னையா நீட்டிய மைக்கில், ஒவ்வொரு வரியாகத் தமிழ்ப்படுத்தி:

“அன்புள்ள மேடம். ஒங்க கண்ணு ஒரு பிரச்சினையே இல்ல. குறிச்சிக்கிட்டோம். திங்கக்கெழமைக்குள்ள…” அவளால் மேலே படிக்க முடியவில்லை. “ஐயோ, என் கண்ண குறிச்சிக்கிட்டானாம் லா!” என்று வெடித்துச் சிரித்தாள்.

பந்தலே சிரித்தது. சிரித்ததில் ஒருவருக்குப் புரையேறியது. ஒரு பெண் எனக்கு ரெண்டு காலும் இல்லையென்று எழுதட்டுமா என்றாள். இன்னொருத்தர் நான் செத்துப்போய்விட்டேன் என்று எழுதுங்கள், அதையும் குறித்துக்கொள்வான் என்றார். தினேஸ்வரி வந்து நவமணியின் தோளில் சாய்ந்து, “மன்னிச்சிருக்கா” என்றாள். நவமணியும் சிரித்தாள். வியாழக்கிழமை சிரித்திருக்க வேண்டிய சிரிப்பு இன்று வந்தது.

சிரிக்காமல் இருந்தது கலாதேவி ஒருத்திதான். இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சோறு பிசைந்தபடியே கிடந்தது. நவமணி பார்த்துவிட்டாள். பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“கலா?”

“கட்டிட்டேன்க்கா.”

“எப்ப?”

“வெள்ளிக்கெழம. பாஸ்போட்டும் அனுப்பிட்டேன்.” அவள் குரலில் அழுகைகூட இல்லை. “நீங்க பொறுங்கன்னு குரூப்ல போட்டீங்கள்ல. ஞாயித்துக்கெழம பேசிக்கலாம்னு. எடம் கொறைஞ்சிருச்சி போல, அஞ்சி பேருல யார எடுக்கிறதுன்னு பேசப் போறாங்கன்னு நெனச்சேன். எனக்கு இங்கிலீசு வேற வராது. என்னையத்தானே மொதல்ல கழிப்பாங்க? அதான் முந்திக்குவோம்னு, சீட்டு எடுத்த காச அப்படியே போட்டுட்டேன்.”

யாரையும் புண்படுத்தாமல், தன்னையும் காட்டிக்கொடுக்காமல், நவமணி பார்த்துப் பார்த்து எழுதிய அந்த இரண்டு வரிதான் இவளை வங்கிக்கு ஓட வைத்திருக்கிறது. மோசடிக்காரன் திங்கட்கிழமை வரை தவணை கொடுத்திருந்தான். அதை வெள்ளிக்கிழமையாக்கியது நவமணி.

“நாளைக்கு போலீசு பாலாய்க்கு போலாம். நான் கூட வாரேன்” என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை மேட்ரனிடம் லீவு சொல்லிவிட்டு, இருவரும் முதலில் வங்கிக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு போலீஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்தார்கள். கவுண்டரில் ஒரு இளம் மலாய்ப் பெண் போலீஸ். கலாதேவி கொண்டுவந்த தாள்களை வாங்கி வரிசைப்படுத்தி வைத்தார். வங்கி மெஷினில் பணம் கட்டிய ரசீது மேலே இருந்தது. வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி.

இந்த வேலையைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது என்று மலாயில் கேட்டார்.

கலாதேவி நவமணியைப் பார்க்காமலேயே பதில் சொன்னாள். முகநூலில் பார்த்தேன் என்றாள். யாரென்று தெரியாது என்றாள். மூன்று பிள்ளைகளின் காசைத் தொலைத்துவிட்டு வந்து, இங்கே உட்கார்ந்து இவளுக்காகப் பொய் சொன்னாள். நம்ம ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

போலீஸ்காரர் தட்டெழுத ஆரம்பித்தார்.

“இல்லை” என்றாள் நவமணி, மலாயிலேயே. “நான்தான் சொன்னேன். நான்தான் அனுப்பி வைத்தேன்.” அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

அந்தப் பெண் தட்டெழுதுவதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். இது பொய் என்று உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார்.

சனிக்கிழமை என்று சொன்னால் போதும். கோயிலில் முன்னூறு பேர் காதால் கேட்டது அதுதான். கலாதேவி நம்பியிருப்பதும் அதுதான். தான் கட்டிய பிறகுதான் அக்காவுக்கே தெரிந்தது, விதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே நினைத்துக்கொண்டு காலம் முழுக்க அக்கா அக்கா என்று வருவாள்.

“வியாழக்கிழமை மதியம்” என்றாள் நவமணி. “அவர்களிடம் சொன்னது ஞாயிற்றுக்கிழமை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.”

போலீஸ்காரர் எழுதினார். கலாதேவி மேசையில் இருந்த ரசீதைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி நவமணியைப் பார்த்தாள்.

“வியாழக்கெழமையா?” என்றாள் தமிழில். அக்கா என்று சொல்லவில்லை.

“ஆமா” என்றாள் நவமணி.